விருந்தாளி வரட்டும், பண்ணை பண்ணையாகவே இருக்கட்டும்



கோடை விடுமுறை வந்தால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிகள் வரிசை கட்டி நிற்பது நமக்குத் தெரிந்ததுதான். கூட்டம் தாங்க முடியாமல், 2024 மே 7 முதல் அந்த இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டது.

இன்னொரு பக்கம், நம்மிடம் அரிசியும் செக்கு எண்ணெயும் வாங்குகிற நகரத்துக் குடும்பங்களே, "உங்க தோட்டத்துல பிள்ளைங்களோட ரெண்டு நாள் வந்து தங்கலாமா?" என்று கேட்கிறார்கள். நம் ஆட்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. "ஏனுங்க, ரெண்டு குடிசை போட்டு வாடகைக்கு விட்டா, வெள்ளாமையில வராத காசு அதுல வருமாமே, நெசமா?"

வரலாம். எந்த மாதிரித் தங்குமிடம், யார் நிலத்தில், எவ்வளவு கடனில் என்பதைப் பொறுத்தது அது. தெரியாமல் இறங்கினால், மூன்று வருடத்தில் பண்ணை போய் விடுதி மட்டும் மிஞ்சும். அதுக்கப்புறம் விடுதியும் கடன்காரர் கைக்குப் போகும். அதனால்தான் இந்த இதழில் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்வோம். என்னென்ன வகை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன வேண்டும், நம் நிலத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம்.

முதலில் மூன்று கேள்வி

"பசுமை விடுதி", "இயற்கைத் தங்குமிடம்" என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். மூங்கிலும் கீற்றும் வைத்து அலங்காரம் செய்துவிட்டு, உள்ளே ஏ.சி., பின்னால் நீச்சல் குளம், அதற்கும் பின்னால் ஓடையில் கலக்கிற சாக்கடை என்று இருக்கிற இடங்களும் உண்டு. பலகையைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவு எங்கே போகிறது? தட்டில் இருக்கிற சோறு யார் நிலத்தில் விளைந்தது?

இந்த மூன்றுக்கும் பதில் நம் பண்ணையின் சுழற்சிக்குள்ளேயே இருந்தால், அது சூழலுக்கு உகந்த தங்குமிடம். ஓட்டு வீடா, மண் வீடா, கூடாரமா என்பதெல்லாம் அதற்கு அடுத்தது. இந்த மூன்று கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு வகைகளைப் பார்ப்போம்.

வகை 1: வீட்டிலேயே ஒரு அறை

புதுசா எதையும் கட்டாமல், நாம் குடியிருக்கிற வீட்டில் காலியாக இருக்கிற ஒரு அறையைக் கொடுப்பது. 'ஹோம்ஸ்டே' என்கிறார்கள். பிள்ளைகள் படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போனபின் பூட்டிக் கிடக்கிற அறைகள் நம் ஊர்களில் எவ்வளவோ இருக்கின்றன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'இன்கிரெடிபிள் இந்தியா' திட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகளைப் பதிவு செய்துகொள்ளலாம். உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும், ஒன்று முதல் ஆறு அறை வரை என்பது அதன் அடிப்படை.

இதை நன்றாகச் செய்து காட்டியவர்கள் லடாக்கின் கிராமத்து மக்கள். அங்கே பனிச்சிறுத்தை ஆடுகளை அடித்துக்கொண்டு போகும். ஆத்திரத்தில் மக்கள் சிறுத்தையைக் கொல்வார்கள். 2000-களின் தொடக்கத்தில், பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அந்த ஊர்களோடு பேசி, மலையேற வருகிற பயணிகளை வீடுகளிலேயே தங்கவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. ரும்பக் போன்ற ஊர்களில் வீடுகளுக்கு முறை வைத்து விருந்தாளிகளை அனுப்புவார்கள். இன்று உன் வீடு, நாளை என் வீடு. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்குப் போகும். சிறுத்தை இருப்பதால்தான் பயணி வருகிறார் என்று ஆனபின், சிறுத்தை மேல் இருந்த கோபமும் குறைந்தது.

நமக்கு இதில் இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று, முறை வைத்துப் பகிர்வது. ஒரே ஊரில் நான்கு இயற்கை உழவர்கள் இருந்தால் நான்கு பேரும் போட்டி போடத் தேவையில்லை. இன்னொன்று, லடாக் வீடுகளின் பாரம்பரியக் கழிப்பறை. தண்ணீர் இல்லாமல், மண்ணும் சாம்பலும் போட்டு மூடி, கீழ் அறையில் மக்கவைத்து வயலுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றிப் பின்னால் விரிவாகப் பேசுவோம்.

வகை 2: பண்ணையில் ஏற்கெனவே இருக்கிற கட்டடம்

பழைய மோட்டார் அறை, தானியக் கிட்டங்கி, புகையிலைக் கொட்டகை, பயன்படாத மாட்டுத் தொழுவம் இவற்றைச் செப்பனிட்டு அறையாக்குவது. இதற்குச் சட்டமே போட்டு வழிகாட்டிய நாடு இத்தாலி. சிறு உழவர்கள் ஊரைவிட்டுப் போவதைத் தடுக்க 1985-இல் 'அக்ரிதுரிஸ்மோ' சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2006-இல் அதைப் புதுப்பித்தார்கள்.

அந்தச் சட்டத்தின் சாரம் நமக்கு அப்படியே பொருந்தும். விருந்தோம்பல் என்பது உழவோடு இணைந்த துணைத்தொழிலாக இருக்க வேண்டும், உழவுதான் முதன்மையாக இருக்க வேண்டும். உழவு முதன்மையா என்பதை முக்கியமாக வேலை நேரத்தை வைத்துப் பார்க்கிறார்கள். வயலுக்குக் கொடுக்கிற நேரம், விருந்தாளிக்குக் கொடுக்கிற நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பத்து விருந்தாளிக்கு மேல் போகாத பண்ணை என்றால், உழவே முதன்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தங்கவைக்கப் பண்ணையில் ஏற்கெனவே இருக்கிற கட்டடங்களைப் பயன்படுத்த வேண்டும். பரிமாறுகிற உணவில் சொந்த விளைச்சலுக்கும் அந்த வட்டாரத்து விளைச்சலுக்கும் முதலிடம்.

நம் நாட்டில் மகாராஷ்டிரா இதில் முன்னே போய்விட்டது. பாராமதி பக்கம் வேளாண் சுற்றுலாவை ஒரு இயக்கமாகவே நடத்துகிறார்கள். 2020-இல் அந்த மாநில அரசு வேளாண் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது.

புதுக் கட்டடம் இல்லை என்றால் புது சிமெண்ட் இல்லை. ஒரு டன் சிமெண்ட் தயாரிக்க அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, இருக்கிற சுவரைக் காப்பாற்றுவதுதான் இருப்பதிலேயே பசுமையான கட்டுமானம்.

வகை 3: மண் வீடும் குடிலும்

கட்டியே ஆக வேண்டும் என்றால் நம் மண்ணிலேயே கட்டலாம். மண்ணைப் பிசைந்து அடுக்கடுக்காக வைக்கிற சுவர், சுடாத பச்சைக்கல் சுவர், மூங்கில் தட்டியில் மண் பூசுகிற சுவர் எல்லாம் நம் தாத்தாக்கள் கட்டியதுதான். இப்போது ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் போன்ற இடங்களில், மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் கலந்து, எந்திரத்தில் அழுத்திச் செய்கிற சுடாத கல்லைக் கற்றுத் தருகிறார்கள். கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' முறையில், செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவில் காலியிடம் விடுவார்கள். செங்கல் கால்வாசி மிச்சமாகும், அறையும் வெயிலில் அவ்வளவாகச் சூடேறாது.

மண் வீட்டில் மூன்று விஷயத்தைக் கவனிக்கணும்.

காலும் தலையும். கருங்கல் அடித்தளம் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். கூரை சுவரைத் தாண்டி இரண்டு, மூன்று அடி நீட்டியிருக்க வேண்டும். கால் நனையாமல், தலை நனையாமல் இருந்தால் மண் சுவர் தலைமுறைக்கும் நிற்கும்.

கூரை. தென்னங்கீற்றை ஓரிரு ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். பனையோலை அதைவிட நாள் தாங்கும். நாட்டு ஓடு இன்னும் மேல். கீற்றுக் கூரை என்றால் அடுப்பும் கொளுத்துகிற சுருளும் உள்ளே போகக் கூடாது. நெருப்புக்கு ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் வாசலிலேயே இருக்கட்டும்.

மண் எடுக்கிற இடம். மேல்மண்ணில் கை வைக்காதீர்கள். அது வெள்ளாமைக்கு. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணைத் தோண்டுங்கள். தோண்டிய குழி அப்படியே பண்ணைக்குட்டையாகட்டும். வீடும் ஆச்சு, குட்டையும் ஆச்சு.

வகை 4: கூடாரம்

முதலீடு குறைவு, எடுத்து மடித்து வைத்துவிடலாம், நிலத்தில் நிரந்தரமாக எதுவும் இல்லை. இளைஞர்கள் விரும்புவார்கள். ஆனால் காடு ஒட்டிய நிலம் என்றால் வேண்டவே வேண்டாம். 2021 ஜனவரியில், வயநாடு மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் காட்டு யானை தாக்கி இறந்துபோனார். துணிச் சுவர் யானைக்கு ஒரு பொருட்டே இல்லை.

சமவெளிப் பண்ணையில் போடலாம். மேடான, தண்ணீர் தேங்காத இடம், பட்டுப்போன கிளையோ முற்றிய தேங்காயோ இல்லாத மரநிழல், பக்கத்திலேயே கழிப்பறை, ராத்திரி கையில் விளக்கு. பாம்பு, பூச்சி நடமாட்டம் பற்றி வந்தவுடனேயே சொல்லிவிட வேண்டும். பாம்புக்கடிக்கு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது எல்லா வகைக்குமே பொருந்தும்.

வகை 5: பரண் வீடு

'மர வீடு' என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். உயிருள்ள மரத்தில் ஆணியும் இரும்புப் பட்டையும் அடித்தால் அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சணமும் துளைப்பானும் உள்ளே போகும். மரம் வளர வளரப் பட்டை இறுகி வெட்டும். தினைக் காட்டிலும் சோளக்காட்டிலும் காவலுக்குப் போட்ட பரண்தான் நமக்கு முன்மாதிரி. தனிக் கால்களில், மரத்தைத் தொடாமல், மர நிழலுக்குள் நிற்கிற பரண். அறுவடைக் காலத்தில் காவலுக்கும் ஆகும். ஏறுவதற்கு உறுதியான படி, இடுப்புயரத் தடுப்பு இரண்டும் கட்டாயம். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களை ராத்திரி அதில் தங்கவைக்க வேண்டாம்.

வகை 6: உழைத்துத் தங்குவது

இதில் வாடகை கிடையாது. வருகிறவர் தினம் சில மணி நேரம் பண்ணை வேலை செய்வார். நாம் இடமும் சாப்பாடும் கொடுப்போம், கற்றும் கொடுப்போம். 1971-இல் லண்டனில் செயலராக வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண், வார இறுதியில் நகரத்து மக்களை இயற்கைப் பண்ணை வேலைக்கு அழைத்துப் போகத் தொடங்கியதுதான் 'வூஃப்' என்ற அமைப்பாக வளர்ந்தது. இன்று இந்தியா உட்பட பல நாடுகளில் இருக்கிறது.

நம் பக்கத்தில் ஆரோவில் அருகே 2003-இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 70 ஏக்கர் வறண்ட நிலத்தில் தொண்டர்கள் ஓலைக்குடில்களில் தங்கி, வரப்பும் குழியும் வெட்டி, மண்ணுக்குள் மழைநீரை இறக்கி, இந்த மண்ணுக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டு வருகிறார்கள். சூரிய மின்சாரம், உலர் கழிப்பறை என்று தங்குகிற முறையே அங்கே ஒரு பாடம்.

இதில் ஒரு எச்சரிக்கை. தொண்டர்களை நம்பிப் பயிர்த் திட்டம் போடாதீர்கள். களை எடுக்கத் தெரியாதவர் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தையும் கணக்கில் சேர்க்கணும். ஊரில் கூலிக்கு வருகிற அம்மாவின் வேலையை இலவச ஆளை வைத்துப் பறிக்கவும் கூடாது. வெளிநாட்டவர் சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்வதில் விசா நிபந்தனைகள் குறுக்கே வரும். அதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் யாரையும் சேர்க்க வேண்டாம்.

வகை 7: தங்கவே வைக்காமல்

எல்லோரும் படுக்கை போட வேண்டியதில்லை. காலையில் வந்து, வயலைச் சுற்றி, மதியம் வாழை இலையில் சாப்பிட்டு, சாயங்காலம் நாலு கிலோ அரிசியோடு திரும்புகிற பகல் விருந்தாளியும் நல்ல வருமானம்தான். கட்டடமே தேவையில்லை. ஒரு நிழல், ஒரு சுத்தமான கழிப்பறை போதும்.

இன்னொரு வழியும் உண்டு. கேரளத்தின் குமரகத்தில் 2008-இல் 'பொறுப்புச் சுற்றுலா' தொடங்கினார்கள். அங்கே இருக்கிற விடுதிகள் காய்கறியையும் மற்ற பொருட்களையும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களிடமும் உழவர்களிடமும் வாங்குவதற்கு ஏற்பாடு செய்தார்கள். விடுதி யாருடையதோ, விளைச்சல் நம்முடையது. சுற்றுலா ஊருக்குப் பக்கத்தில் நிலம் இருப்பவர்கள் இதை முதலில் யோசிக்கலாம்.

தண்ணீர்க் கணக்கு

இனி அந்த மூன்று கேள்விக்கு வருவோம். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று திட்டமிடுகிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒருவருக்கு 55 லிட்டர். நான்கு விருந்தாளிகள் நகரத்துப் பழக்கத்தில் இருந்தால் நாளைக்கு 540 லிட்டர். நம் பழக்கத்துக்கு வந்தால் 220 லிட்டர். ஷவருக்குப் பதில் வாளியும் குவளையும், அழுத்தினால் கொட்டுகிற தொட்டிக்குப் பதில் கையால் ஊற்றுகிற கழிப்பறை. இந்த இரண்டும்தான் பெரிய வித்தியாசம்.

500 சதுர அடி ஓட்டுக் கூரை, ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் என்று வைத்துக்கொள்வோம். சிந்திச் சிதறியது போக நூற்றுக்கு எண்பது பங்கு பிடித்தாலும் 33,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும். நாளைக்கு 220 லிட்டர் என்றால் 150 நாள் விருந்தாளிக்கு அந்தக் கூரை மழையே போதும். தொட்டியில் நிறைவது போக மீதியைக் கிணற்றுக்கு இறக்கிவிடலாம்.

இப்போது நீச்சல் குளத்தைப் பார்ப்போம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். 75,000 லிட்டர். ஒரு ஏக்கர் காய்கறிக்குச் சொட்டுநீரில் சுமார் நான்கு நாள் பாய்ச்சுகிற தண்ணீர். வெயில் காலத்தில் ஆவியாகப் போவது மட்டும் நாளைக்கு 250 லிட்டர் இருக்கும். மேலே சொன்ன நான்கு விருந்தாளிக்கான தண்ணீரைவிட அதிகம்! குளோரின் கலந்த அந்தத் தண்ணீரைப் பயிருக்கும் விட முடியாது. பிள்ளைகள் குளிக்க பம்புசெட் தொட்டி இருக்கிறது. அதில் விழுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக நேராக வாழைக்குப் போகிறது. இதைவிட நல்ல குளம் எது?

கழிவுக் கணக்கு

குளித்த, துவைத்த தண்ணீரைக் கல்வாழையும் வாழையும் வைத்த பாத்திக்கு விடுங்கள். சோப்பு மட்டும் நீங்கள் கொடுப்பதாக இருக்கட்டும். அரப்பு, சீயக்காய், கடலைமாவு வைத்தால் நகரத்துக்காரர்கள் சந்தோஷமாகத் தேய்த்துக்கொள்வார்கள்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை எளிது. ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததுக்கு மாற்ற வேண்டும். மூடிய குழியை ஓராண்டு தொடாமல் விட்டால் மக்கி, வாடையில்லாத எருவாகிவிடும். மரங்களுக்குப் போடலாம். குழி, கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலாக இருக்கிற டெல்டா பகுதியில் குழி சரிப்படாது. அங்கே தரைக்கு மேல் கட்டுகிற, சிறுநீரைத் தனியாகப் பிரிக்கிற உலர் கழிப்பறை வேண்டும். திருச்சி மாவட்டம் முசிறியில் 'ஸ்கோப்' அமைப்பு இப்படிப்பட்ட சூழல் கழிப்பறையை ஊர்ப் பொதுக் கழிப்பறையாகவே நடத்திக் காட்டியது. பயன்படுத்துகிறவருக்குக் காசு கொடுத்த கழிப்பறை அது. மனிதக் கழிவும் பயிருக்குச் சத்து என்பதை ஊருக்கே புரியவைத்தார்கள். இந்த அமைப்பின் சுப்புராமனுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

குப்பைக்கு ஒரே விதிதான். விருந்தாளி கொண்டுவந்த பிளாஸ்டிக், விருந்தாளியோடு திரும்பிப் போகணும். இதை முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சோற்றுக் கணக்கு

விருந்தாளிக்காகக் கடையில் பனீரும் காளானும் வாங்கப் போனால் பண்ணை விருந்துக்கு அர்த்தமில்லை. அன்று தோட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடு. கத்தரி என்றால் கத்தரி, முருங்கைக் கீரை என்றால் முருங்கைக் கீரை. மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி, கம்பங்கூழ், வரகுச் சோறு என்று மாதத்துக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கிலோவாக விற்றால் கிடைப்பதைவிடத் தட்டில் வைத்தால் நம் விளைச்சலுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. திரும்பும்போது மூட்டையாகவும் வாங்கிப் போவார்கள். விருந்தாளியால் நமக்குக் கிடைக்கிற பெரிய ஆதாயமே இந்த நேரடி வாடிக்கையாளர்தான்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். சமைப்பது யார்? "விருந்தாளி வர்றாங்க" என்று ஆண் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆறு பேருக்குக் கூடுதலாகச் சமைத்து, பாய் விரித்து, போர்வை துவைத்து, கழிப்பறை கழுவி முடிப்பது வீட்டுப் பெண். வயல் வேலையும் அவர் தலையில் இருக்கும். அந்த உழைப்புக்குக் கூலி எழுதாமல் போடுகிற கணக்கு பொய்க்கணக்கு. தொடங்கலாமா வேண்டாமா என்ற முடிவில் அவருடைய சொல்தான் முதல் சொல்லாக இருக்கணும். வருகிற பணத்தில் அவர் பங்கு அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

காசுக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அறைக்கு ஒரு இரவுக்கு 2,000 ரூபாய் வாங்குகிறோம். சாப்பாடு, உழைப்பு, துவைப்பு, மின்சாரம் போக 1,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முருகன் என்ற உழவர் பழைய கிட்டங்கியை ஒன்றரை லட்சத்தில் கைக்காசு போட்டுச் செப்பனிடுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 60 இரவு ஆள் வந்தால் 60,000 ரூபாய். இரண்டரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆள் வராத மாதத்தில் நட்டம் எதுவும் இல்லை. அறையில் நெல் மூட்டை அடுக்கிக்கொள்ளலாம்.

செல்வம் என்ற உழவர் 12 லட்சம் கடன் வாங்கி இரண்டு குடில் கட்டுகிறார். வட்டி 11 விழுக்காடு. ஆண்டுக்கு வட்டி மட்டும் 1,32,000 ரூபாய். அதைக் கட்டவே 132 அறை இரவு நிரம்ப வேண்டும். வருடத்தில் சனிக்கிழமை 52. எல்லாச் சனிக்கிழமையும் இரண்டு குடிலும் நிரம்பினாலும் 104 தான்! அசலை எங்கே கட்டுவது? இந்த இடத்தில்தான், "ஒரு நீச்சல் குளம் போட்டா கூட்டம் வரும்", "பார்ட்டிக்கு விட்டா காசு வரும்" என்ற யோசனை எல்லாம் உள்ளே வரும். பண்ணை விடுதியாக மாறுவது பெரும்பாலும் ஆசையால் இல்லை, வட்டியால்.

ஆகவே ஒரு விதி: தங்குமிடத்துக்காக நிலத்தை அடமானம் வைக்காதீர்கள்.

சட்டம்

நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் கட்டிய தங்குமிடங்களை அகற்ற வேண்டும் என்று 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இயற்கையின் பெயரைச் சொல்லிக் கட்டினாலும், கட்டக் கூடாத இடத்தில் கட்டினால் நிற்காது. மலைப் பகுதியிலும் காடு ஒட்டிய இடத்திலும் கட்டுவதற்குத் தனி அனுமதிகள் வேண்டும். சமவெளியிலும், விவசாய நிலத்தில் வணிகக் கட்டடம் எழுப்பும் முன் ஊராட்சியிலும் நகர் ஊரமைப்புத் துறையிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்புசெட்டுக்கு வருகிற இலவச மின்சாரத்தை அறைக்கு இழுக்கக் கூடாது. தனி இணைப்பு வேண்டும். சாப்பாடு போட்டுக் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். தங்குகிறவர் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரத்தை ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தைப் பதிய வேண்டும். விளைச்சல் வருமானத்துக்கு வருமான வரி இல்லை, ஆனால் அறை வாடகை விவசாய வருமானத்தில் சேராது. இரண்டுக்கும் தனித்தனி நோட்டுப் போடுங்கள்.

இன்னொன்று சட்டத்திலும் இருக்கிறது, மனசாட்சியிலும் இருக்கிறது. வருகிறவர் என்ன சாதி, என்ன மதம் என்று விசாரித்து அறை கொடுக்கிற பழக்கம் நம் பண்ணைக்குள் வரக் கூடாது. வந்தவர் எல்லோருக்கும் ஒரே பந்தி.

எங்கே தொடங்குவது?

படிப்படியாகப் போகலாம்.

முதல் ஆறு மாதம் பகல் விருந்தாளி மட்டும். நம் வாடிக்கையாளர் குடும்பங்களையே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் இது பிடிக்கிறதா, யார் சோர்ந்து போகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து கழிப்பறையும் மழைநீர்த் தொட்டியும். அறைக்கு முன்னாலேயே இவற்றைக் கட்டுங்கள். விருந்தாளி வராவிட்டாலும் இவை நமக்குப் பயன்படும்.

பிறகு ஒரே ஒரு அறை. இருக்கிற அறை. ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். நடவு, அறுவடை நாட்களில் "இப்போ இடமில்லைங்க" என்று சொல்லப் பழகுங்கள். இல்லையென்றால் கூட மாட வேலை செய்கிறவர்களை மட்டும் வரச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் தேவை இருந்தால் ஒரு மண் வீடு. கைக்காசில், ஊர்க் கொத்தனாரை வைத்து, நம் மண்ணில்.

ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் குடும்பத்தோடு உட்கார்ந்து, இத்தாலிக்காரர்கள் கேட்கிற அதே கேள்வியைக் கேளுங்கள். இந்த வருடம் வயலில் அதிக நேரம் நின்றோமா, விருந்தாளிக்குப் பின்னால் அதிக நேரம் ஓடினோமா? வயல் பக்கம் தட்டு தாழ்ந்திருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். இன்னொரு பக்கம் தாழ்ந்திருந்தால், அடுத்த வருடம் ஒரு அறையைப் பூட்டி வையுங்கள்.

நகரத்துப் பிள்ளை ஒன்று நம் தோட்டத்துக்கு வந்து, மண்புழுவைக் கையில் எடுத்துப் பார்த்து, நெல் எந்தச் செடியில் காய்க்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்ல விஷயம். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் வரும்போதும் மண்புழு அங்கே இருக்கணும்.

உங்கள் பண்ணையில் விருந்தாளிகளைத் தங்கவைத்த அனுபவம் இருந்தால், வரவு செலவுக் கணக்கோடு இதழுக்கு எழுதுங்கள். தொடங்க நினைக்கிற மற்ற உழவர்களுக்கு அது உதவும்.